'பூ' எழுத்தா, சொல்லா?

கேள்வி: "எண்ணுக்கும் இலக்கத்துக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன். மறுநாள் நோட்டில் சிவப்புச் சுழியோடு வந்து நின்றாள். ஐயா, 7 எண்ணா, இலக்கமா?
– வாசகி, திருச்சி

பதில்: முப்பது ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வீட்டுக்கு வீடு கேட்க வேண்டிய கேள்வி இது, அம்மா.

மகளிடம் 'பூ' என்று எழுதிக் காட்டுங்கள். இது எழுத்தா, சொல்லா? 'பூனை'யில் வந்தால் எழுத்து. தனியே நின்று மல்லிகையைக் குறித்தால் சொல். 7-ம் அப்படித்தான். கூடையில் 7 மாம்பழம் என்றால் எண். 707 என்று எழுதும்போது அதிலுள்ள 7 இலக்கம். முன்னால் நிற்பதற்கு மதிப்பு 700, பின்னால் நிற்பதற்கு வெறும் 7. இலக்கங்கள் 0 முதல் 9 வரை பத்தே பத்து. எண்களுக்கோ முடிவே கிடையாது. 10 இலக்கம் அல்ல. இரண்டு இலக்கங்களால் எழுதிய எண்.

என் பாட்டனாரின் நெல் கணக்கு நோட்டில் 25 மூட்டை '௨௰௫' என்றிருக்கும். நடுவிலிருப்பது பத்துக்கான தனிக்குறி. 205 என்றால் '௨௱௫'. நடுவில் நூறின் குறி. இரண்டு நூறு ஐந்து என்று வாயால் சொல்வதை அப்படியே கையால் எழுதினார்கள். சுழியம் தேவைப்படவில்லை. இன்று 205-இல் நடுச்சுழியை மறக்கும் பிள்ளைக்கு மூட்டை 25 ஆகிவிடுகிறது. அந்தப் பிழையைத் திருத்தும்போதெல்லாம் பாட்டனாரின் நோட்டைத்தான் வகுப்பில் விரித்துக் காட்டுவேன். எழுத்து வேறு, எண் அதேதான்.

அஞ்சல் குறியீட்டு எண் என்கிறோமே, அது உண்மையில் ஆறு இலக்கங்களின் வரிசை. மயிலாப்பூர் 600004. அதோடு 1 கூட்டினால் திருவல்லிக்கேணி வரும். மயிலாப்பூரைவிடப் பெரிய ஊர் என்று அதற்குப் பொருள் இல்லை. முதலில் நிற்கும் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய அஞ்சல் மண்டலத்தைக் காட்டுகிறது. இலங்கைத் தமிழர்கள் 'தொலைபேசி இலக்கம்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. தொலைபேசி எண்களை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லையே.

இன்று மாலை 3, 0, 8 மூன்றையும் மூன்று துண்டுச் சீட்டுகளில் எழுதி மகளிடம் கொடுங்கள். மூன்றையும் சேர்த்து எத்தனை மூன்று இலக்க எண்கள் அமைக்கலாம் என்று கேளுங்கள். நான்கு வர வேண்டும். ஆறு என்று சொன்னால், 0-ஐ முதலில் வைத்திருக்கிறாள். திட்டாமல், 038-ஐ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.