ஓபிடி அடாப்டரும் செத்துப்போகும் பேட்டரியும்: கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) செருகும் ப்ளூடூத் ஸ்கேனரை, அதாவது அடாப்டரை, அப்படியே விட்டுவிட்டு, பேட்டரி இறங்கிவிட்டது என்று வருகிறவர்கள் அதிகம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வில்லியனூர்: வாரம் ஒருமுறைதான் வண்டி எடுப்பேன். சாவியை எடுத்த பிறகும் அடாப்டரில் லைட் எரிகிறது. இதுவா பேட்டரியைத் தின்கிறது?

அதுவேதான் சார். ஓபிடி சாக்கெட்டில் 16 பின். அதில் 16ஆவது பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக பிளஸ் வருகிறது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கரண்ட் உண்டு. மலிவான ஈஎல்எம்327 (அடாப்டருக்குள் இருக்கும் சிப்) நகல்கள் பலவற்றுக்குத் தூங்கவே தெரியாது.

கணக்குப் போடுவோம். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-ஹவர். இரண்டு வாரத்தில் 14. வண்டி நின்றிருக்கும்போது அதன் சொந்தச் செலவு 25 மில்லி ஆம்பியர் என்றால் அது ஒரு 8. ஆக 22 போய்விட்டது. சின்ன காரின் பேட்டரியே 35தான். அதுவும் பழசாக இருந்தால் ஸ்டார்ட்டர் 'டிக் டிக்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சில அடாப்டர்கள் கேன் லைனில் (கண்ட்ரோல் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர்) ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அதனால் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்கள் தூங்காமல் விழித்திருக்கும். அப்போது செலவு பல மடங்கு ஏறும்.

நெல்லிக்குப்பம்: அண்ணே, தினமும் கழட்டி மாட்டினால் சாக்கெட் லூசாகிறது. சுவிட்ச் வைக்க முடியுமா?

தாராளமாக. ஆனால் அடாப்டரைப் பிரிக்காதீர்கள் தம்பி. ஓபிடி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்குங்கள். அதில் 16ஆவது ஒயரை மட்டும் வெட்டி சுவிட்ச் போட்டால் போதும். ஒயர் நிறத்தை நம்பி வெட்ட வேண்டாம், கேபிளுக்குக் கேபிள் மாறும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துத் தேடுங்கள். வண்டி சாக்கெட்டை நேராகப் பார்த்தால், அகலப் பக்கம் மேலே இருக்கும்போது, கீழ் வரிசையின் வலது கோடி 16. செருகும் பக்கத்தைப் பார்த்தால் அதுவே இடது கோடி. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறாக வெட்டுகிறார்கள்.

வெட்டிய ஒயரில் வண்டிப் பக்கமாக முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் சுவிட்ச். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாமல் பிளஸ் ஒயரைத் தொடாதீர்கள்.

முதலியார்பேட்டை: எதற்கு பிளஸை வெட்டணும்? எர்த்தை வெட்டினால் ஷார்ட் பயமே இல்லை. பேட்டரி கழட்டும்போதும் மைனஸைத்தானே முதலில் கழட்டுகிறோம்?

பேட்டரியில் மைனஸை முதலில் கழட்டுவது, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி வராமலிருக்க. இங்கே கதை வேறு. ஓபிடியில் எர்த் இரண்டு: 4, 5. ஒன்றை வெட்டினால் பல அடாப்டர்களில் மற்றதன் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் வெட்டினால் அடாப்டருக்குள் பிளஸ் இருக்கிறது, திரும்பிப் போக வழியில்லை. அது 6, 14 என்ற கேன் லைன்களிலோ 7ஆவது பின்னிலோ வழி தேடும். கேன் லைன் ஓய்வில் இருப்பதே ஏறக்குறைய 2.5 வோல்ட்டில். அங்கே கண்டபடி வோல்ட் ஏறினால் எச்சரிக்கை விளக்குகள் எரியும், 'U' என்று தொடங்கும் கோளாறு எண்கள் (எரர் கோட்) வரிசையாக விழும்.

மறுபடியும் முதலியார்பேட்டை: நான் எர்த்தில் சுவிட்ச் வைத்து ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

நீங்களே அளந்து பாருங்கள் சார். அடாப்டருக்குள் இருக்கும் எர்த்துக்கும் வண்டி பாடிக்கும் நடுவே மீட்டரை வோல்ட்டில் வையுங்கள். சுவிட்ச் ஆனில் பூஜ்யம் காட்டும். ஆஃப் செய்ததும் வோல்ட் ஏறும். அந்த வோல்ட் உங்கள் கண்ட்ரோல் யூனிட்டின் வாசலில் நிற்கிறது. இத்தனை நாள் ஆகவில்லை என்பதற்காக ஈசியு (இன்ஜின் கண்ட்ரோல் யூனிட்) விலையைப் பணயம் வைக்கக் கூடாது.

பாகூர்: அவர் சொல்வது போல்தான் நானும் செய்திருக்கிறேன். மாற்றியே ஆக வேண்டுமா?

ஆம். இன்றைக்கே மாற்றுங்கள். 16ஐ வெட்டுங்கள், ஃபியூஸோடு.

லாஸ்பேட்டை: எனக்கு மறதி அதிகம். சாவியோடு சேர்ந்து தானாக அணையும்படி செய்யலாமா?

செய்யலாம் அம்மா. ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி லைன் பிரிக்கும் துண்டு) வைத்து லைன் எடுக்க வேண்டும். வைப்பர் ஃபியூஸ் சரி. ஏர்பேக், ஏபிஎஸ், ஈசியு ஃபியூஸ் பக்கமே போகக் கூடாது. சிகரெட் லைட்டர் சில வண்டிகளில் சாவி இல்லாமலும் உயிரோடு இருக்கும், டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

அந்த லைனை வெட்டிய 16ஆவது ஒயரின் அடாப்டர் பக்க முனையில் சேர்க்க வேண்டும். வண்டிப் பக்க முனையை ஸ்லீவ் போட்டு மூடிவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் பேட்டரி கரண்ட் பின்வழியாக சாவி லைனுக்குள் போகும். உங்களுக்குப் பழகிய எலக்ட்ரீஷியனிடம் இதைக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள்.

பண்ருட்டி: போனில் ஆப்பை மூடினால் அடாப்டர் அணைந்துவிடுமா?

அணையாது.

திருப்பாதிரிப்புலியூர்: ப்ளூடூத்தை ஆஃப் செய்தால்?

போனில் என்ன செய்தாலும் 16ஆவது பின்னில் கரண்ட் நிற்காது. மேலே நான் சொன்ன பதில்களைப் படியுங்கள்.

அரியாங்குப்பம்: ஓபிடியில் செருகினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு கருவி விற்கிறார்கள்...

வாங்காதீர்கள். எல்இடியை மினுக்குவதைத் தவிர அது எதுவும் செய்யாது.

நெய்வேலி: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் நிற்பதில்லை.

அது என் வேலை இல்லை தம்பி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

தேவனாம்பட்டினம்: அடாப்டரைக் கழட்டிய பிறகும் பேட்டரி இறங்குகிறது.

உங்கள் வீடு கடலோரம். உப்புக்காற்றில் டெர்மினல் பச்சை பூத்திருக்கிறதா, முதலில் பாருங்கள். சுத்தம் செய்த பிறகும் இறங்கினால் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே இணையுங்கள். கதவு, பானெட் மூடிய நிலைக்கு வரட்டும். அரை மணி நேரம் காத்திருந்து ரீடிங் எடுங்கள், அதற்கு முன் வருகிற எண்ணை நம்பாதீர்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். எந்த ஃபியூஸ் என்று எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்ப்போம்.