வாசகர் கேள்வி: பாடசாலைக்கும் பெற்றோருக்கும் நடுவில் நான் யாருடைய ஆள்?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு ஆரம்பப் பாடசாலைகளில், புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்குப் பாடசாலைகளில் உதவும் ‘ஸ்விஸ்’ (SWIS) திட்டத்தின் குடியமர்வுப் பணியாளராக இருக்கிறேன். சென்ற வாரம் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய ஐ.பி.ஆர்.சி. கூட்டத்தில் (பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா, எந்த வகுப்பில் இருத்துவது என்று முடிவு செய்யும் குழுவின் கூட்டம்) பெற்றோருக்காக மொழிபெயர்த்தேன். நடுவில் தகப்பன் என் பக்கம் சாய்ந்து, “பிள்ளை நாலு வயது மட்டும் கதைக்கேல்லை எண்டதை இவைக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா” என்றார். நான் சொல்லவில்லை. சிறப்பு வகுப்பு என்று முடிவாயிற்று. பெற்றோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள், ஆனால் கையொப்பம் இடாமல் போய்விட்டார்கள். இப்போது அதிபர், “நீங்களே கதைத்து ஒப்பத்தை வாங்கித் தாருங்கள்” என்கிறார். தாயோ, “எங்கட ஆளா இருந்துகொண்டு பிள்ளையை அந்த வகுப்பில தள்ளிவிட்டீங்கள்” என்று தொலைபேசியில் அழுகிறார். நான் என்ன செய்வது? வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடுவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் அவசரமான விடயம் வேறொன்று. ஒன்ராறியோவின் 181/98 இலக்க ஒழுங்குவிதியின்படி, குழுவின் முடிவு எழுத்தில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பெற்றோர் இன்னொரு கூட்டம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கையொப்பம் இடாமல் விட்டால் விடயம் அப்படியே நின்றுவிடும் என்று அந்தத் தாயும் தகப்பனும் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் சம்மதமும் தெரிவிக்காமல், மேன்முறையீடும் செய்யாமல் இருந்தால், ஒப்பம் இல்லாமலே முடிவை நடைமுறைப்படுத்தும்படி கல்விச் சபை அதிபருக்கு அறிவுறுத்த முடியும். முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூசி, “யோசிச்சுச் சொல்லுறம்” என்று எழுந்து போவது நம்மவர்களுக்குப் பழக்கமான மறுப்புத்தான். அந்த மறுப்பு இங்கே எந்தக் கோப்பிலும் மறுப்பாகப் பதிவாவதில்லை. ஆகவே இன்றைக்கே அந்தக் குடும்பத்திடம் முடிவு கிடைத்த திகதியைக் கேட்டு, இந்த இரண்டு கெடுக்களையும் சொல்லுங்கள்.

ஒப்பம் வாங்கித் தரும் வேலையை ஏற்க வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் வருவது குடிவரவு அமைச்சின் நிதியில் இயங்கும் குடியமர்வு நிறுவனத்திடமிருந்து. பாடசாலை உங்களுக்கு மேசை தந்திருக்கிறது, அதிபர் உங்கள் மேலதிகாரி அல்லர். இதை முறைப்பாடாகச் சொல்லாமல் பணிவாகவே சொல்லலாம்: “அவர்களுக்கு முடிவில் விளங்காத இடங்கள் இருக்கின்றன. இரண்டாவது கூட்டம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை நான் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கல்விச் சபையின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து தாருங்கள்.” அதிபருக்கு இதில் மனத்தாங்கல் வரலாம். ஆனால் தொலைபேசியில் கெஞ்சி வாங்கிய ஒப்பம் அவருக்கும் நாளைக்குத் தலையிடிதான் என்பதை அனுபவமுள்ள எந்த அதிபரும் அறிவார்.

வேறொருவர் மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் சொல்வது உங்கள் ஆங்கிலத்தையோ தமிழையோ ஐயுற்று அன்று. ஐ.பி.ஆர்.சி. கூட்டத்துக்குப் பெற்றோர் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், தங்களுக்குத் துணையாக நின்று தங்கள் சார்பில் பேசக்கூடிய பிரதிநிதி ஒருவரையும் அழைத்து வரலாம். இவை இரண்டும் வேறு வேறு பணிகள். மொழிபெயர்ப்பவர் அறையில் பேசப்படுவதைக் கூட்டாமல் குறைக்காமல் இரு பக்கமும் சேர்க்க வேண்டியவர். துணைக்கு வந்தவரோ, “ஆசிரியர் சொன்னது இவர்களுக்கு விளங்கவில்லை, நிறுத்தி இன்னொருமுறை சொல்லுங்கள்” என்று இடைமறிக்க வேண்டியவர். சென்ற வாரம் நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய், இரண்டு பக்கத்தாரும் உங்களை மற்றப் பக்கத்தின் ஆளாகப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். ‘நான் யாருடைய ஆள்’ என்று கேட்டிருந்தீர்கள். இந்த விடயத்தில் நீங்கள் குடும்பத்தின் துணை. அதைக் கூட்டம் தொடங்கும்போதே எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

துணை என்றால் பெற்றோர் விரும்புவதற்கெல்லாம் ஆமாம் போடுவது என்று நான் கருதவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் அவர்களோடு ஆறுதலாக உட்கார்ந்து, எழுத்தில் வந்த முடிவை வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். சிறப்பு வகுப்பை முடிவு செய்வதற்கு முன், சாதாரண வகுப்பிலேயே உரிய உதவிகளோடு பிள்ளையைப் படிப்பிக்க முடியுமா என்று குழு பார்த்திருக்க வேண்டும். சிறப்பு வகுப்பே என்று முடிவெடுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் தாளில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அது போதாது என்று பெற்றோருக்குத் தோன்றினால் இரண்டாவது கூட்டத்தில் அவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான். இன்னொன்று, அந்தத் தாய் அழுவது பெரும்பாலும் ‘ஒருக்கால் போனால் போனதுதான்’ என்ற பயத்தினாலேயே. பிள்ளையின் இடம் ஒவ்வொரு கல்வியாண்டும் மீளாய்வு செய்யப்படும் என்பதையும், வகுப்பு மாறி மூன்று மாதம் ஆனபின் பெற்றோரே மீளாய்வு கேட்கலாம் என்பதையும் அவருக்கு யாராவது சொன்னார்களா? கூட்டத்தில் சொல்லியிருந்தாலும், பதற்றத்தில் இருந்தவருடைய காதில் அது ஏறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இனித் தகப்பன் காதோடு சொன்ன விடயம். அதை அதிபரிடம் அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்லாதீர்கள். அது அவர்களுடைய வீட்டு விடயம். ஆனால் அப்படியே மூடி வைப்பதும் பிள்ளைக்கு நல்லதில்லை. பேச்சுத் தாமதம் இருந்ததா, வீட்டில் தமிழில் எப்படிக் கதைக்கிறான் என்பவை தெரியாமல் ஒரு பிள்ளையை மதிப்பிட்டால், ஆங்கிலம் புதிது என்பதால் வரும் தடுமாற்றத்தையும் கற்றலில் உள்ள உண்மையான இடர்ப்பாட்டையும் பிரித்தறிவது கடினம். தகப்பன் மறைத்தது பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான். ‘மந்தம்’ என்று பெயர் விழுந்துவிடுமோ, நாளைக்குச் சொந்தபந்தம் என்ன சொல்லுமோ என்ற பயம் அது. அந்தப் பயத்தைக் கடியாமல், இந்தத் தகவல் பிள்ளைக்கு எப்படி உதவும் என்பதை விளக்கி, சொல்வதா விடுவதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள். சொல்வதானால் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

வரும் கூட்டங்களில் மொழிபெயர்க்க நேர்ந்தால், அமரும் முன்பே இரு பக்கத்தாரிடமும் ஒரு விதியைச் சொல்லுங்கள்: “இந்த அறைக்குள் யார் எதைச் சொன்னாலும், எனக்கு மட்டும் என்று சொன்னாலும், அதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவேன்.” ஆசிரியர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் முணுமுணுப்பதற்கும் இதே விதிதான். அதைக் கேட்டதும் அவர்களும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதேபோல, எந்தக் குடும்பத்துக்கும் ‘ஒருவருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்று நியாயமான ஐயம் எழுந்தால் சிறுவர் பாதுகாப்பு அமைப்பான சில்ட்ரன்ஸ் எயிட்டுக்கு அறிவிக்க வேண்டிய கடமை ஒன்ராறியோவில் ஒவ்வொருவருக்கும் உண்டு. ‘அதிபரிடம் சொல்லிவிட்டேன்’ என்று அதைக் கைமாற்றிவிடவும் முடியாது. இதை முதற்சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பின்னர் யாரும் உங்களைத் துரோகி என்று சொல்ல இடமில்லை. (கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, “திங்கட்கிழமை எடுங்கோ, ஆறுதலாக் கதைப்பம்” என்பது போதும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பூசை முடிந்துவிடும்.)

வேலையை விடுவது பற்றி: இரண்டாவது கூட்டம் முடியும் வரை அந்த முடிவை எடுக்காதீர்கள். அதற்கிடையில் உங்கள் நிறுவன மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, ஐ.பி.ஆர்.சி. கூட்டங்களிலும் உளவியல் மதிப்பீடு பற்றிய கூட்டங்களிலும் நீங்கள் குடும்பத்தின் துணையாக மட்டும் அமர்வீர்கள், மொழிபெயர்ப்பைக் கல்விச் சபை பொறுப்பேற்க வேண்டும், ஒப்பம் சேகரிப்பது உங்கள் பணி இல்லை என்ற மூன்றையும் இரு பாடசாலைகளுக்கும் அவர் பெயரில் எழுத்தில் அறிவிக்கும்படி கேளுங்கள். அவர் அதை எழுதித் தந்தால் இந்த வேலையில் நீங்கள் நீடிக்கலாம். மழுப்பினாலோ, ‘பாடசாலையோடு ஒத்துப் போங்கள்’ என்று மட்டும் சொன்னாலோ, வேறு இடம் பார்க்கத் தயங்க வேண்டாம். மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் பணி எது என்பது அங்கே முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும்.