கிராட் பொறியியல் மாணவர் கிளப்கள்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியலில் எம்.எஸ்., பிஎச்.டி. படிப்பவர்களுக்கான கிளப்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். தொடங்குவது, பணம், பதவி, போட்டி அணி, எஃப்-1 (மாணவர்) விசாவோடு எது ஒத்துப்போகும் என்பவை சரி. அட்மிஷன், ரூம்மேட் கேள்விகளுக்குப் பதில் வராது.

எம்.எஸ். இரண்டாம் செமஸ்டர், மெக்கானிக்கல்: அக்கா, எங்க டிபார்ட்மென்ட்ல கிராட் மாணவர்களுக்குன்னு சங்கமே இல்ல. அஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எங்க தொடங்குறது?

முதலில் மாணவர் அமைப்புகள் அலுவலகத்தில் பழைய பட்டியலைக் கேளுங்கள். உங்கள் துறையில் ஏற்கெனவே ஒன்று இருந்து, ஆள் இல்லாமல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகப் பதிவதைவிட அதை உயிர்ப்பிப்பது எளிது. பழைய கணக்கில் கொஞ்சம் பணம் கிடந்தாலும் கிடக்கும்.

புதிது என்றால் பொதுவாக நான்கு கேட்பார்கள்: குறைந்தபட்ச உறுப்பினர் பட்டியல், ஒரு ஃபாகல்டி அல்லது ஸ்டாஃப் அட்வைசர், பதவியாளர்கள், விதிமுறை. விதிமுறைக்கு அலுவலகமே மாதிரி தரும். அதை அப்படியே நிரப்பிவிடாதீர்கள், கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்) வரியில் நின்று யோசியுங்கள். "உறுப்பினர்களில் பாதிப் பேர்" என்று இருந்தால் மாற்றுங்கள். துறையின் கிராட் மாணவர்கள் எல்லோரும் தானாகவே உறுப்பினர் என்று எழுதியிருப்பீர்கள், பட்டியலில் 200 பேர் இருப்பார்கள், கூட்டத்துக்கு 25 பேர் வருவார்கள். எந்தத் தேர்தலும் செல்லாது. "15 பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது" என்று வையுங்கள்.

தேர்தலை மே மாதத்துக்குத் தள்ள வேண்டாம், மார்ச் கடைசியில் முடியுங்கள். பழைய ட்ரெஷரரும் புதியவரும் ஒன்றாக பேங்குக்குப் போய்க் கையெழுத்து மாற்ற ஒரு மாதமாவது வேண்டும். எம்.எஸ். நான்கு செமஸ்டர்தான். மூன்றாவதில் பிரசிடென்ட் ஆனவர் நான்காவதில் இன்டர்வியூவுக்கு அலைந்துகொண்டிருப்பார். எனவே ட்ரெஷரராக இரண்டாம் வருட பிஎச்.டி. ஆளைப் பிடியுங்கள்.

துறைத் தலைவரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பிஎச்.டி.க்குத் தேர்வானவர்கள் வளாகம் பார்க்க வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வேலையைச் சங்கம் ஏற்கும் என்று சொல்லுங்கள். துறைக்கு அது பெரிய தலைவலி. பணம் அங்கிருந்து வரும்.

புது ட்ரெஷரர், எலக்ட்ரிக்கல்: பழைய ட்ரெஷரர் எல்லாத்தையும் தன் வென்மோலதான் (பணம் அனுப்புற ஆப்) வாங்கியிருக்கார். நானும் அப்படியே செய்யலாமா? சொந்த பேங்க் கணக்கு வேணுமா?

செய்யவே கூடாது. இன்று இதைப் பலமுறை சொல்வேன் என்று நினைக்கிறேன். டி-ஷர்ட் பணம், டிக்கெட் பணம் எல்லாம் உங்கள் பெயரில் விழுந்தால், ஆண்டு முடிவில் 1099-கே (உங்களுக்கு வந்த பணத்தை வரித்துறைக்குச் சொல்லும் படிவம்) வந்தாலும் உங்கள் பெயரில்தான் வரும். அது வருமானம் இல்லை என்று நீங்கள்தான் வரித்துறைக்குக் காட்ட வேண்டும். அதற்கான ரிசீட் கிளப்பிடம் இருக்காது.

முதல் வழி, பல்கலைக்குள்ளேயே கணக்கு. மெதுவாக நகரும், ஆனால் தலைவலி இல்லை. இரண்டாவது, வெளி பேங்க். அதற்குக் கிளப்புக்கென்று ஈஐஎன் (வரித்துறை அமைப்புக்குத் தரும் எண்) வேண்டும். பல்கலையின் ஈஐஎன்னை எடுத்துப் போடாதீர்கள். வரித்துறை இணையதளத்தில் வாங்க, பொறுப்பாளருக்கு எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) அல்லது ஐடிஐஎன் (தனிநபர் வரி எண்) இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எஸ்எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்பலாம், நாட்கள் ஆகும்.

வரிவிலக்குள்ள அமைப்பு, ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மேல் போகாது என்றால் 990-என் என்ற ஆண்டு அறிவிப்பு போதும். இணையத்தில் பத்து நிமிட வேலை. நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதிக்குள் போட வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும். நிதியாண்டு டிசம்பரில் முடிந்தால் கெடு மே 15. பட்டமளிப்பு விழா நேரம், ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள், போடவும் மாட்டார்கள். தொடங்கும்போதே நிதியாண்டை ஜூன் 30-இல் முடியும்படி வைத்தால் கெடு நவம்பர் 15-க்குப் போகும். அப்போது எல்லோரும் வளாகத்தில்தான் இருப்பார்கள்.

டெக்சாஸ், எம்.எஸ். ஏரோ: ராக்கெட் கிளப்ல சேரப் போனேன். "இன்டர்நேஷனல் மாணவர்கள் ப்ரொபல்ஷன் டீம்ல இருக்க முடியாது"ன்னுட்டாங்க. இது பாகுபாடு இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் அது கிளப் கேப்டனின் மனசு சம்பந்தப்பட்டது இல்லை. ராக்கெட், ஏவுகணை சார்ந்த பொருள்களும் அவற்றின் தொழில்நுட்பத் தகவல்களும் ஐடார் (ஆயுத ஏற்றுமதி) விதிகளின் ஆயுதப் பட்டியலில் நான்காம் வகையில் வருகின்றன. அந்த வகைக்குள் விழும் தகவலை அமெரிக்கக் குடிமகனோ, கிரீன் கார்டுக்காரரோ, அகதி அந்தஸ்து பெற்றவரோ அல்லாத ஒருவரிடம், பக்கத்து நாற்காலியில் இருந்தாலும், காட்டினாலே அது ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. கல்லூரி ராக்கெட் எல்லாமே அதற்குள் வரும் என்பதும் இல்லை. எது வரும், எது வராது என்பதைப் பல்கலையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

வேறொருவர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பல்கலை ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டே? வெளியிடப்போகிற ஆராய்ச்சி கட்டுப்பாட்டில் வராது.

உண்டு, வெளியிடத் தடையில்லாத அடிப்படை ஆராய்ச்சியில் விளையும் தகவலுக்கு. கிளப்பில் நடப்பது ஆராய்ச்சித் திட்டமா? அட்டவணையில் உள்ள பாடமா? பாடத்துக்கும் அதன் லேபுக்கும் உள்ள விலக்கும் சனிக்கிழமை கிளப்புக்குத் தானாக வராது. அந்த விலக்கு தகவலுக்குத்தான், கையில் இருக்கும் வால்வுக்கு இல்லை. ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பாகத்தோடு "வெளியே காட்டாதே" என்ற டிராயிங் வந்தால் கதை முடிந்தது.

டெக்சாஸ், எம்.எஸ். ஏரோ: அப்போ ஐஆர்இசி கல்லூரி ராக்கெட் போட்டில (2024 வரை ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கப்) வெளிநாட்டு அணிகளே வந்து ராக்கெட் விடுறாங்களே? அவங்களுக்கு மட்டும் எப்படி?

அவர்கள் தங்கள் நாட்டில், தங்கள் அறிவில் செய்ததைக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்கத் தகவல் யாருக்கும் கைமாறவில்லை. நீங்கள் இருப்பது அமெரிக்க அணிக்குள்.

வேறொருவர்: எங்க பல்கலையில இதே மாதிரி கிளப்ல எல்லாரும் இருக்காங்க.

இருக்கலாம். கடையில் கிடைக்கும் திட எரிபொருள் மோட்டார் வைத்துப் பறக்கும் கிளப்பும், சொந்தமாகத் திரவ எரிபொருள் எஞ்சின் செய்யும் கிளப்பும் ஒன்றில்லை.

டெக்சாஸ் தம்பி, செய்ய வேண்டியது இது. கேப்டனோடு வாதாட வேண்டாம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல்: கிளப் பெயர், நீங்கள் செய்ய விரும்பும் வேலை, உங்கள் குடியுரிமை, "எழுத்துபூர்வக் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறதா?" என்ற கேள்வி. திட்டம் இருந்தால் எந்த சப்-டீம் திறந்தது என்று அதில் இருக்கும். பேலோட், ரெக்கவரி பாராசூட், தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எனப் பல இடம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. திட்டமே இல்லாமல் வாய்மொழியாக "நோ இன்டர்நேஷனல்ஸ்" என்றிருந்தால் அப்போது உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. அதை அந்த அலுவலகமே கையில் எடுக்கும்.

இந்த விஷயத்தில் இன்னும் ஏழெட்டுக் கேள்வி வந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே சொன்னதே பதில்.

எம்.எஸ். சேரப்போகிறவர்: அண்ணா, ஃபார்முலா எஸ்ஏஇ (மாணவர் ரேஸ் கார் போட்டி) டீம்ல கிராட் மாணவர்கள் சேரலாமா?

அண்ணா இல்லை, அக்கா. சேரலாம். பட்டத்துக்காகப் பதிந்திருந்தால் போதும், இளநிலை முதுநிலை வேறுபாடு இல்லை. போட்டிக்கு முந்தைய ஏழு மாதத்துக்குள் பட்டம் முடித்தவரையும் விதி அனுமதிக்கிறது. ஓட்டுவதற்கு செல்லுபடியாகும் அரசு ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் வேறு. அணி இளநிலை மாணவர்களால் ஆனது. அவர்கள் மூன்று வருடம் ஒன்றாக வெல்டிங் செய்தவர்கள். நீங்கள் போய் "சஸ்பென்ஷன் டிசைன் நான் பார்க்கிறேன்" என்றால் நடக்காது. டயர் தரவுகளை அலசுவது, டேட்டா லாகர் வயரிங், ஃபைனைட் எலிமென்ட் முடிவைச் சோதனையோடு ஒப்பிடுவது என ஆள் தேடும் மூலையாகப் பார்த்துப் போங்கள். ஆகஸ்டில் போங்கள். ஜனவரியில் டிசைன் முடிந்து தயாரிப்பு ஓடிக்கொண்டிருக்கும், துடைக்கிற வேலைதான் கிடைக்கும்.

பெயர் வேண்டாம்: கிளப்ல இருந்தா வேலை கிடைக்குமா?

கிளப்பால் கிடைக்காது. கிளப்பில் செய்ததை எண்ணோடு சொல்ல முடிந்தால் இன்டர்வியூவில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

பிஎச்.டி. முதல் வருடம்: எங்க கிராட் சங்கத்துல பிரசிடென்ட்டுக்கு ஸ்டைபண்ட் உண்டாம். எஃப்-1ல வாங்கலாமா?

சம்பளம் வாங்காத பதவி பிரச்சினை இல்லை. காசு வந்தால் அது கூலியா, உதவித்தொகையா என்பதுதான் கேள்வி. கூலி என்றால் வளாக வேலை, செமஸ்டர் நாட்களில் எல்லாம் சேர்த்து வாரம் 20 மணி. நீங்கள் 50 சதவீத டீச்சிங் அசிஸ்டென்ட் என்றால் அந்த 20 மணி அங்கேயே தீர்ந்துவிட்டது. சங்கத்திடம் இல்லை, சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்மொழிப் பதில் உதவாது. ஆம், அந்த ஸ்டைபண்டை வென்மோவில் வாங்கினாலும் கூலி கூலிதான்.

சிவில், எம்.எஸ்.: கிளப் வேலைய சிபிடில (எஃப்-1 மாணவருக்கான பயிற்சி வேலை அனுமதி) காட்டலாமா?

முடியாது. சிபிடி பாடத்திட்டத்தின் அங்கமான பயிற்சிக்கு. கிளப் உங்கள் முதலாளி இல்லை.

ஈவென்ட் பொறுப்பாளர்: 60 பேர் ஆர்எஸ்விபி பண்ணியிருக்காங்க. எத்தனை பீட்சா? போன தடவை பாதி வீணாச்சு, அதுக்கு முந்தி பத்தலை.

இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு வர மாட்டார்கள். 40 பேர், தலைக்கு இரண்டரைத் துண்டு, 100 துண்டு. 14 அங்குல லார்ஜ் என்றால் எட்டுத் துண்டு, ஆக 13. அதில் ஆறு சைவம், அந்த ஆறில் ஒன்று சீஸ் இல்லாமல். மீதியில் சிக்கனைக் கூட்டி பெப்பரோனியைக் குறையுங்கள். பன்றி, மாடு சாப்பிடாதவர்கள் நம் கிளப்களில் அதிகம்.

அதற்கு முந்தைய தடவை பத்தாதது எண்ணிக்கையால் இருக்காது. சைவப் பெட்டியை வாசல் பக்கம் வைத்திருப்பீர்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் போகிற போக்கில் அதை ஒரு துண்டு, இதை ஒரு துண்டு என எடுப்பார்கள், கடைசியில் வந்த சைவக்காரர் வெறும் பெட்டியைப் பார்ப்பார். சைவத்தைத் தனி மேசையில், தூரத்தில் வையுங்கள்.

ரிசீட்டில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் உள்ள கார்டு ஸ்லிப்புக்குப் பணம் திரும்ப வராது. விற்பனை வரியையும் பல பல்கலைகள் திருப்பித் தருவதில்லை, எனவே முடிந்தவரை பல்கலையின் கார்டிலேயே ஆர்டர் செய்யுங்கள்.

எம்.எஸ்., கம்ப்யூட்டர்: நான் ஆண். எஸ்டபிள்யூஇல (பெண் பொறியாளர் சங்கம்) சேரலாமா? என்எஸ்பிஇ (கறுப்பினப் பொறியாளர் சங்கம்)?

இரண்டிலும் யாரும் சேரலாம். வேலைச் சந்தைக்கு மட்டும் போய் நிற்கிறவராக இல்லாமல் கூட்டத்துக்கும் போங்கள். எந்த நிறுவனம் விசா ஸ்பான்சர் செய்யும் என்பது தனிக் கேள்வி, அதை நிறுவனத்திடம் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: டௌ பீட்டா பை-ல இருந்து மெயில் வந்திருக்கு, காசு கேக்குது. மோசடியா?

அது 1885-இல் லீஹை பல்கலையில் தொடங்கிய பழைய கௌரவ அமைப்பு. ஆனால் அழைப்பு உங்கள் வளாகக் கிளை வழியாக வர வேண்டும். கிளைப் பொறுப்பாளரின் பெயரைப் பல்கலைப் பக்கத்தில் சரிபார்த்து, பிறகு கட்டுங்கள். அதே தோரணையில் வரும் பிற "ஹானர்" மெயில்களை அழித்துவிடுங்கள்.

கோவை, எம்.இ.: எங்க கல்லூரியில ஐஇஇஇ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) சொசைட்டி சாப்டர் ஆரம்பிக்கணும்...

தலைப்புக்கு வெளியே, ஆனாலும்: மாணவர் கிளை ஏற்கெனவே இருந்தால் அந்த சொசைட்டியில் உறுப்பினராக ஆறு மாணவர்களும், அதே சொசைட்டியில் உள்ள ஓர் ஆலோசகரும் வேண்டும். கிளையே இல்லையென்றால் முதலில் பத்துப் பேர் சேர்த்து அதைத் தொடங்குங்கள். மற்றதை மெட்ராஸ் செக்ஷனிடம் கேளுங்கள்.

புதியவர்: கிளப்ல இருந்தா ஹெச்-1பி (வேலை விசா) ஸ்பான்சர் கிடைக்குமா?

வேலை, விசா பற்றி இது மூன்றாம் முறை. மேலே பாருங்கள்.

பிரசிடென்ட், ஐந்து வாரத்தில் பட்டம்: அக்கா, ஹேண்டோவர்ல என்ன மறப்போம்?

கூகுள் டிரைவின் உரிமையாளர். எல்லாக் கோப்பும் உங்கள் பல்கலை மின்னஞ்சலில் இருக்கும், பட்டம் முடிந்த சில மாதத்தில் கணக்கு மூடப்படும், விதிமுறையும் போட்டோவும் அதோடு போகும். கிளப் பெயரில் ஒரு கணக்கு திறந்து இன்றே உரிமையை மாற்றுங்கள். அடுத்து அதன் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல்: குறியீடு உங்கள் கைபேசிக்கு வரும், நீங்கள் சியாட்டிலில் இருப்பீர்கள். அதையும் புதிய ட்ரெஷரர் எண்ணுக்கு மாற்றுங்கள். ஸ்பான்சர் நிறுவனத்தில் யாரிடம் பேசினீர்கள், எந்த மாதம் கேட்டால் பட்ஜெட் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். சேமிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த வென்மோவையும் மூடிவிடுங்கள்.