லூசியானா காட்டு ஐரிஸ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஐரிஸ் பூச்செடியில் ஏறத்தாழ 300 இனம் இருக்கிறது என்கிறார்கள். அதில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பெயரில் லூசியானா ஐரிஸ் என்று எதை வைத்துத் தனியாகப் பிரிக்கிறார்கள்?

பதில்: முதலில் தாடி இருக்கிறதா என்று பாருங்கள். கீழே தொங்கும் மூன்று இதழ்களின் நடுவில் மயிர்க்கற்றை மாதிரி இருந்தால் அது தாடி ஐரிஸ், படங்களில் நாம் அதிகம் பார்ப்பது அதைத்தான். லூசியானா கூட்டத்துக்குத் தாடி கிடையாது. அப்புறம் காயைப் பாருங்கள், நீளவாக்கில் ஆறு வரம்பு ஓடும். விதை பெரிதாக, தக்கை மாதிரித் தோலோடு இருக்கும், வெள்ளம் வந்தால் மிதந்து போய் எங்காவது கரை ஒதுங்கி முளைக்கும். பூ வாடிப்போன பிறகும் காயையும் விதையையும் வைத்து இந்தக் கூட்டத்தை அடையாளம் சொல்லிவிடலாம்.

கேள்வி: இந்தக் கூட்டத்துக்குள் எத்தனை இனம்?

பதில்: இன்று பெரும்பாலும் ஐந்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஃபல்வா செங்கல் நிறம், ஆறு இதழும் தொங்கிக்கொண்டிருக்கும், அதைத் தேடி வருவது ஹம்மிங் பறவை. ஜைகான்டிசெருலியா கடலோரச் சதுப்பில் ஓர் ஆள் மார்பளவுக்கு நிமிர்ந்து நிற்கும், நீலப் பூ, அங்கே வேலை பம்பிள் தேனீக்களுடையது. பிரெவிகாலிஸ் குட்டை, தண்டு கணுவுக்குக் கணு வளைந்து வளைந்து போகும், மற்றவை பூத்து ஓய்ந்த பிறகு பூக்கும், கொஞ்சம் மேடான நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். ஹெக்சகோனா கிழக்கே தென் கரோலினா, புளோரிடா பக்கம். ஐந்தாவதான நெல்சோனியைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி: பழைய புத்தகம் ஒன்றில் 80 இனத்துக்கு மேல் என்று படித்தேனே?

பதில்: ஆமாம், அது ஜான் ஸ்மால் செய்த வேலை. நியூயார்க் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தவர், நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துச் சதுப்புகளில் நீலம், ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று கண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து 1930களின் தொடக்கத்தில் வெளியிட்டார். 1935ல் பெர்சி வயோஸ்கா என்ற உள்ளூர் உயிரியலாளர், இவற்றில் பெரும்பாலானவை நாலைந்து இனங்கள் தங்களுக்குள் கலந்து பிறந்தவை என்று காட்டினார். என் கருத்தில் வயோஸ்கா சொன்னதுதான் சரி. நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்கவே கூடாது, தண்டு, காய், நிற்கிற நிலம், பூக்கிற காலம், வந்து போகும் பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்மாலைக் குறைத்துப் பேச மாட்டேன், அவர் எழுதியும் படம் பிடித்தும் வைக்காவிட்டால், பிறகு நகரம் விழுங்கிய அந்தச் சதுப்புகளில் என்னென்ன நின்றது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: ஒரே இடத்தில் இருந்தும் இவ்வளவு காலம் கலக்காமல் இருந்தவை எப்படித் திடீரென்று கலந்தன?

பதில்: நல்ல கேள்வி. இயற்கையாகவே அங்கங்கே கலப்பு உண்டு, ஆனால் ஃபல்வாவுக்கு ஒரு மண், நீலப் பூ ஜைகான்டிசெருலியாவுக்கு ஒரு மண், இடையில் பிறக்கும் கலப்புச் செடிக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைப்பது அரிது. மனிதர்கள் மரத்தை வெட்டி, வாய்க்கால் தோண்டி, மாடு மேய்த்தபோது அந்த இடைப்பட்ட நிலம் உருவாகிவிட்டது. இதைத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1949ல் வந்த தன் நூலில் விளக்குகிறார். ஆற்றங்கரையிலிருந்து நீளமாக, ஒடுங்கலாகப் பிரித்த பண்ணைகள், அதில் மாடு மேய்ந்து மிதித்த ஒரு பண்ணையில் கலப்புச் செடிகள் மண்டிக் கிடக்கின்றன, வேலி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை, பயன்படுத்திய விதம்தான் வேறு.

கேள்வி: நான் டேட்டா சயின்ஸ் படிக்கிறேன் அக்கா. எங்கள் ஐரிஸ் டேட்டாசெட்டில் வருகிற ஆண்டர்சன் இவர்தானா?

பதில்: அவரேதான் தம்பி. நீங்கள் பயன்படுத்துகிற 150 பூக்களின் அளவுகள் அவர் சேகரித்தவை, புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1936ல் அதை வைத்துக் கட்டுரை எழுதினார். அதில் வரும் செடோசா, வெர்சிகலர், வர்ஜினிகா மூன்றும் இந்த லூசியானா கூட்டத்தில் சேராதவை. வெர்சிகலரே மற்ற இரண்டும் கலந்து உருவான இனம் என்பது ஆண்டர்சனின் முடிவு, குரோமோசோம் கணக்கும் ஒத்துப்போகிறது: செடோசா 38, வர்ஜினிகா 70, வெர்சிகலர் 108. உங்கள் மாடல் வெர்சிகலரையும் வர்ஜினிகாவையும் போட்டுக் குழப்பினால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெல்சோனியை விட்டுவிட்டீர்களே?

பதில்: லூசியானாவில் ஆப்வில் ஊருக்குத் தெற்கே உள்ள சதுப்புகளைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. பெரிய சிவப்புப் பூ. 1966ல்தான் தனி இனமாகப் பெயர் கிடைத்தது. மரபணுவில் பெரும்பகுதி ஃபல்வா, கூடவே ஜைகான்டிசெருலியாவின் பங்கும் பிரெவிகாலிஸின் பங்கும் இருக்கிறது. கலப்பில் பிறந்தாலும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி நிற்பதால் இதை இனம் என்று ஏற்கிறோம். வாழிடம் இவ்வளவு சிறியது என்பதால் அந்தச் சதுப்பை யாரும் வடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

கேள்வி: சிட்னியில் இருக்கிறேன், வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக, ஆஸ்திரேலியாவில் நன்றாக வரும். அரை நாளாவது வெயில், புளிப்புத்தன்மை உள்ள மண், காயாத ஈரம் வேண்டும், சுண்ணாம்பு போடாதீர்கள். கோடையில் கிழங்கு வெயிலில் வெந்துவிடும், மேலே சருகு மூடுங்கள். நர்சரியில் வாங்குங்கள், காட்டில் தோண்டியதை வாங்க வேண்டாம். கிழங்கைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது, குழந்தைகளும் நாயும் இருக்கிற வீடென்றால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.