தோட்டத்துக்கு பட்டா லொறியா, டபுள் கெப்பா?

வெலிமடையில உங்கட மாமா மரக்கறி தோட்டம் செய்றார், பட்டா லொறி எடுக்கிறதா டபுள் கெப் எடுக்கிறதா எண்டு கேட்டிருந்தீங்க. முதல்ல வாகனத்த விடுங்க, ஒரு நடைக்கு எத்தின மூட்டை போகும், அது எங்க போகும், இந்த ரெண்டையும் மாமாட்ட கேளுங்க.

பட்டா எண்டு நாம சொல்றது டாட்டா ஏஸ், அது முக்கால் டன் லோட் வண்டி. கரட், லீக்ஸ் மூட்டைய பக்கத்து பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அதாவது மொத்த மரக்கறி சந்தைக்கு, இறக்க அதுவே காணும், ஆனா நேரா கொழும்புக்கு பக்கத்து பேலியகொடை மெனிங் மார்க்கட்டுக்கு ராவோட ராவா கொண்டு வரணும் எண்டா பாரத்தோட அந்த மலை ரோட்டுல பிரேக் காய்ஞ்சு மணக்கும், அதுக்கு கொஞ்சம் பெரிய லொறி, இல்லாட்டி நாலு பேர் சேர்ந்து ஒரு லொறி பிடிக்கிறது நல்லம்.

டபுள் கெப்ல ரெண்டு வரிசை சீட், ஆள் ஏத்தலாம், ஆனா பின்னால சாமான் பெட்டி சின்னன். வடிவுக்கு எடுக்கிறவங்கதான் கூட, மாமா கோவிக்க வேணாம். தோட்டத்துக்குள்ள மண் ரோடு, மழைக்கு வழுக்கும் எண்டா மட்டும் நாலு டயரும் இழுக்கிற போர் வீல் கெப்ப யோசிங்க, ஏனெண்டா வெறும் பெட்டியோட வாற, பின் டயர் மட்டும் இழுக்கிற வண்டிக்கு பின்னால பாரம் இல்ல, டயர் அதே இடத்துல சுத்திக்கொண்டே நிக்கும்.

2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025லதான் திறந்தாங்க, அதால பழைய வண்டியெல்லாம் கன தூரம் ஓடினதுதான். சேசிஸ்ல, அதாவது வண்டிட அடிச்சட்டத்துல, வெல்டிங் அடிச்சிருக்கா எண்டு கீழ படுத்து பாருங்க. பார்ட்ஸ் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல இருக்கா எண்டு விசாரிச்சிட்டு காசு குடுங்க.