ஹைப்ரிட் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. மூன்று வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் ரிமோட்டுக்குக் கதவே திறக்கவில்லை. உள்ளே போய் பட்டனை அழுத்தினால் விளக்குகள் மினுக்கிவிட்டு அணைகின்றன. அதற்கு முன்பே, லிட்டருக்கு 23 கி.மீ. கொடுத்த வண்டி 19-க்கு இறங்கியிருந்தது. பின்சீட்டுப் பக்கம் விசிறி இரைகிறது. காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம். தெரிந்த மெக்கானிக் "ஹைப்ரிட் பேட்டரி போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரிமோட், கதவுப் பூட்டு, டாஷ்போர்டு விளக்கு மூன்றும் மெக்கானிக் சொல்லும் அந்தப் பெரிய ஹைப்ரிட் பேட்டரியில் ஓடுபவை அல்ல. 12 வோல்ட் சின்ன பேட்டரியில் ஓடுபவை. பெரிய பேட்டரி கெட்டால் கார் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு முனகியபடியாவது நகரும். இப்படி ஒட்டுமொத்தமாக மூச்சு நின்றுபோனால் சந்தேகம் சின்னதின் மேல்தான் விழ வேண்டும்.

முழு ஹைப்ரிட் (மோட்டாரால் மட்டும்கூட ஓடக்கூடிய) கார் ஒவ்வொன்றிலும் இரண்டு பேட்டரி உண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது பெரியது. 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொண்டால், 7.2 வோல்ட் மாட்யூல்கள் (பேட்டரியின் சிறு பகுதிகள்) 28-ஐ வரிசையாகக் கோர்த்து 201.6 வோல்ட். இந்த மின்சாரம் எந்நேரமும் வெளியே ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து என்பதால், கார் அணைந்திருக்கும்போது ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) அதைத் துண்டித்து வைத்திருக்கும். பட்டனை அழுத்தியதும் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த ரிலே மூடுகிற சத்தம்தான். அதை மூட உத்தரவிடும் கம்ப்யூட்டருக்குச் சாப்பாடு போடுவது 12 வோல்ட் பேட்டரி. அது படுத்துவிட்டால், 200 வோல்ட் பின்னால் நிரம்பி இருந்தும் எட்டாது.

சாதாரண காரில் பேட்டரி தளர்ந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பெரும்பாலான முழு ஹைப்ரிட் கார்களில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. பெரிய பேட்டரியின் பலத்தில் ஜெனரேட்டர் மோட்டாரே எஞ்சினைச் சுழற்றிவிடும். சின்ன பேட்டரிக்குக் கம்ப்யூட்டரை எழுப்புகிற வேலை மட்டும்தான். அதனால் பாதி செத்த பேட்டரி கூட மாதக்கணக்கில் சமாளித்துவிட்டு, ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும்.

மூன்று வாரத்தில் எப்படித் தீர்ந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுத்தி வைத்த காரில் அலாரமும், சாவியைத் தேடும் ரிசீவரும் உறங்குவதில்லை. அவை 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 21 நாளுக்கு அது 15 ஆம்பியர்-அவர். புதிய 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது பொருட்டல்ல. ஐந்து வயதாகி, கொள்ளளவு பாதிக்குக் கீழே போன பேட்டரிக்கு இதுவே போதும். முந்தைய உரிமையாளர் டேஷ்கேமோ டிராக்கரோ பொருத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருமுறை அதையும் தேடிப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ரிமோட்டுக்குள் ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளி உருவி, ஓட்டுநர் கதவைத் திறங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் மாடல் என்றால் டிக்கியின் மின்பூட்டும் திறக்காது. அதற்காகப் பூட்டை நெம்ப வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கார்களில் பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட பாசிட்டிவ் முனை ஒன்றை வைத்திருப்பார்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அதிலும் கறுப்பைப் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. 11.8-க்குக் கீழே என்றால் காலி. உங்கள் வண்டியில் 11-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் (வெளி பேட்டரியைக் கொடுத்து எழுப்புவது) செய்ய லாரி பேட்டரி தேவையில்லை. எஞ்சினைச் சுழற்றப் போவதில்லை என்பதால் கைக்கடக்கமான ஜம்ப் பேக்கே போதும். சிவப்பு கிளிப்பை அந்த முனையில் முதலில் மாட்டுங்கள். கறுப்பை எஞ்சின் பாகத்தில் அசையாத, வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்துங்கள். வண்டி ஓடத் தயார் என்று சொல்லும் 'ரெடி' விளக்கு எரிந்ததும் கறுப்பை முதலில் எடுத்துவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் ஃபியூஸோடு போகாமல், 12 வோல்ட்டை சார்ஜ் செய்யும் கன்வர்ட்டரும் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து போகலாம். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து மாட்டுங்கள். உங்கள் ஹைப்ரிட்டை வைத்து அடுத்தவர் காரை ஜம்ப் செய்யும் பெருந்தன்மையும் வேண்டாம். அந்தக் கார் செல்ஃப் எடுக்கும்போது இழுக்கும் பெரும் மின்னோட்டத்துக்கு இந்தச் சுற்று கட்டப்படவில்லை.

'ரெடி' வந்த பிறகு அதே முனையில் மீட்டரை வையுங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது, கன்வர்ட்டர் நலம். வண்டியை ஒரு மணி நேரம் 'ரெடி'யில் விட்டு, பிறகு அணைத்து, மறுநாள் காலை அளந்து பாருங்கள். மீண்டும் 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி மாற்றும் வயது வந்துவிட்டது. பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் மாடலுக்கு, வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் வசதி உள்ள ஏஜிஎம் வகையைத்தான் (ஆசிட் சிந்தாதபடி மூடியிருப்பது) போட வேண்டும். "அதே சைஸ்தான் சார்" என்று சாதாரண ஆசிட் பேட்டரியைத் திணித்தால், சார்ஜ் ஆகும்போது வரும் வாயு காருக்குள்ளேயே சேரும். பழைய பேட்டரியில் இருந்த குழாயைப் புதியதில் மறக்காமல் செருகினார்களா என்று குனிந்து பாருங்கள். பலர் கோட்டை விடும் இடம் இது.

அடுத்த முறை வெளியூர் போகும்போது, வீட்டில் இருப்பவரை வாரம் ஒருமுறை வண்டியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் 'ரெடி'யில், திறந்தவெளியில், கூடவே இருந்து ஓடவிடச் சொல்லுங்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினால் பாட்டுக் கேட்கலாம்; ஆனால் அப்போது சார்ஜ் ஏறாது, இருப்பதும் கரையும். 'நியூட்ரலில்' விட்டாலும் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, 'பி'யில் (பார்க்) நிறுத்த வேண்டும். ஸ்மார்ட் சாவியைக் காருக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்னும்.

பின்சீட்டு விசிறிக்கு வருவோம். அது பெரிய பேட்டரியைக் குளிர்விப்பது. காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் குளிர்விக்கும். பின்சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சல்லடை மூடி தெரியும். அதன் மேல் பை, போர்வை, குழந்தையின் ஜாக்கெட் எதுவும் கிடக்கக் கூடாது. மூடியைக் கிளிப்போடு இழுத்தால் பின்னால் மெல்லிய வலை ஃபில்டர் இருக்கும். ஐந்து வருடம் யாரும் தொடாத வண்டியில் அதை வெளியே எடுத்தால் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி வரும், நாய் வளர்த்த வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அங்கேயே வைத்து ஊதினால் தூசி உள்ளே பேட்டரிக்குத்தான் போகும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். சுத்தம் செய்த பிறகும் இரைச்சல் குறையாவிட்டால் விசிறி இதழ்களிலேயே தூசி படிந்திருக்கிறது. அதைக் கழற்றுவது சர்வீஸ் சென்டர் வேலை.

காற்று போகாவிட்டால் பேட்டரி சூடாகும். சூடான பேட்டரிக்குள் சார்ஜ் ஏற்றுவதையும் அதிலிருந்து எடுப்பதையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். அப்போது பிரேக்கில் திரும்பக் கிடைக்க வேண்டிய மின்சாரம் வீணாகி, எஞ்சின் கூடுதலாக உழைக்கும். உங்கள் மைலேஜ் இழப்பில் ஒரு பங்கு இங்கே இருக்கலாம்.

மீதிப் பங்கைத் தேட டயரில் தொடங்குங்கள். டயர் மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ தானாகவே இழக்கும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். விற்பதற்கு முன் விலை குறைந்த டயர் நான்கைப் போட்டு விற்பது பழைய கார் சந்தையில் சகஜம். கம்பெனி கொடுத்த குறை-உராய்வு டயர் போய்ச் சாதாரண டயர் வந்திருந்தால், அதுவே லிட்டருக்கு ஒன்றிரண்டு கி.மீ.யைக் குறைக்கும். பிறகு ஆயில். கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஆயில் குறிப்பிட்டிருக்கும் இடத்தில் "கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லது" என்று 10டபிள்யூ-40 ஊற்றியிருந்தால், நாளுக்குப் பல முறை நின்று நின்று எழும் எஞ்சினில் ஒவ்வொரு தடவையும் அந்தக் கெட்டித்தனத்துக்குப் பெட்ரோல் கொடுக்கிறீர்கள்.

ஓட்டும் விதத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எஞ்சின் எழுந்துவிடுமோ என்று பயந்து, மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை 'இவி' விளக்கு அணையாமல் ஆமையாக நகர்த்துவது. வெளியே பிளக்கில் சார்ஜ் செய்ய வழியில்லாத ஹைப்ரிட்டில் அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? பிரேக்கில் மீட்டது போக, மற்றதெல்லாம் நீங்கள் ஊற்றிய பெட்ரோலிலிருந்துதான். எஞ்சின், ஜெனரேட்டர், பேட்டரி, மோட்டார் என்று கை மாறும்போது ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதுவும் எவ்வளவு மின்சாரம்? நான் சொன்ன பிரியஸ் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.3 யூனிட். ஆயுள் நீடிக்க வேண்டி, கார் அதை முழுதாக நிரப்பவும் விடாது, காலியாக்கவும் விடாது. ஏறக்குறைய 40-க்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் புழங்க விடும். அரை யூனிட் சொச்சம். ஒரு டம்ளர் பெட்ரோலில் எஞ்சின் உண்டாக்கிவிடும் அளவு. அதை மிச்சம் பிடிக்கவா பின்னால் வருபவர்களிடம் ஹார்ன் வாங்க வேண்டும்?

இந்தக் கார்களின் எஞ்சின், அட்கின்சன் என்ற எரிபொருள் சிக்கன முறையில், நடுத்தரச் சுமையில் திறமையாக ஓடும்படி அமைந்தது. ஆகவே கிளம்பும்போது தயங்காமல், முரட்டுத்தனமும் இல்லாமல் மிதித்து வேண்டிய வேகத்தைப் பிடித்துவிடுங்கள். பிறகு காலை லேசாகத் தூக்குங்கள். எஞ்சின் தானே ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேகத்தைக் காக்க மோட்டார் போதும். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே பிரேக்கை மெதுவாகத் தொட்டு, நீளமாக அழுத்துங்கள். கடைசி நொடியில் அழுத்தினால் பேட்டரிக்குப் போக வேண்டியது டிஸ்க்கில் சூடாகப் போகும். கியரில் உள்ள 'பி' (பார்க் அல்ல, பிரேக் என்கிற நிலை) நீண்ட மலையிறக்கத்துக்கு மட்டும். பேட்டரி நிரம்பிய பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்த அது எஞ்சினை வெறுமனே சுழற்றும். ஊருக்குள் அதைப் போட்டு ஓட்டினால் சேமிப்பு அல்ல, இழப்பு.

தினமும் மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் என்றால் மைலேஜ் குறைந்ததற்கு வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. குளிர்ந்த எஞ்சின், புகைவடிப்பானை (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) சூடாக்க, பேட்டரி நிறைந்திருந்தாலும் எழுந்து ஓடும். சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். ஏசியும் அப்படித்தான்: கம்ப்ரஸர் பெரிய பேட்டரியில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்காது, ஆனால் நெரிசலில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சின் எழுந்து ஈடுகட்டும். அது கோளாறு இல்லை.

காலை நேரக் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த துரு. மிதமான வேகக்குறைப்பை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடுகளுக்கு வேலை குறைவு. துரு தேய ஆளில்லை. இரண்டு, மூன்று பிரேக்கில் சத்தம் மறைந்தால் கவலை வேண்டாம். வாரம் ஒருமுறை காலியான சாலையில் கொஞ்சம் அழுத்தமாக நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள். மறையாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். பேட் தேயவில்லை என்பதற்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றும்போது பிரேக் பம்ப்பை இயக்க ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) தேவைப்படும் மாடல்கள் பல; ஸ்கேனர் இல்லாத இடத்தில் அதைக் கொடுக்காதீர்கள்.

பெரிய பேட்டரி உண்மையாகவே தளர்ந்தால் வேறு விதமாகத் தெரியும். சார்ஜ் கட்டங்கள் சில நிமிடத்தில் உச்சிக்கு ஏறி, ஒரே ஏற்றத்தில் அடிக்கு விழும். நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் அடிக்கடி எழும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் விசிறி முழு வேகத்தில் சுற்றும். எச்சரிக்கை முக்கோணம் எரிந்து, ஸ்கேனரில் பி0ஏ80 போன்ற கோளாறுக் குறியீடு வரும். இவை எதுவும் இல்லாமல் பேட்டரி மாற்றச் சம்மதிக்காதீர்கள். மெக்கானிக்கிடம், வண்டியை ஓட்டியபடி ஒவ்வொரு பேட்டரிப் பகுதியின் வோல்ட்டையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மற்றவையெல்லாம் ஒன்றாக இறங்க, ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் அது நோயாளி. ஆனால் அந்த ஒரு மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். அதே வயதுள்ள மற்றவை அடுத்தடுத்த மாதங்களில் வரிசையில் நிற்கும். முடிவெடுக்கும் முன் உத்தரவாதப் புத்தகத்தைப் பாருங்கள். பல நிறுவனங்கள் பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வரை கொடுக்கின்றன, அது பெரும்பாலும் கை மாறினாலும் கூடவே வரும்.

பெரிய பேட்டரியின் பெட்டியைத் திறக்கும் நிலை வந்தால், உயர் மின்னழுத்தக் கையுறை போட்டுக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொட வேண்டும். அந்தக் கையுறை தன்னிடம் இருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிற மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.