மாடல் ரயில்: கன்ட்ரோலர் யார் கையில்?

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. இடம் கம்மி என்பதால் 'N' ஸ்கேல் ரயில் வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 'N' ஸ்கேல் நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மி.மீ. அதில் ஒரு பெட்டியின் எட்டுச் சக்கரங்களையும் உட்கார வைக்க எனக்கே மூச்சு முட்டும். 'HO' ஸ்கேல் 87-இல் ஒரு பங்கு, அகலம் 16.5 மி.மீ. சின்னக் கைக்கு அதுவே தோது. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொன்று இருந்தால் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெட்டிகளைக் கோக்கும் கப்ளர் நேராக வாய்க்குப் போகும்.

கேள்வி: மகள் இரண்டு நாள் ஓட்டினாள். அப்புறம் தொடவே இல்லை.

பதில்: வட்டமாகச் சுற்றுகிற ரயிலை எத்தனை நேரம்தான் பார்ப்பது? அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆலன் ரைட் என்ற பிரிட்டன்காரர் உருவாக்கிய இங்கிள்நூக் புதிருக்கு ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட் இரண்டு, கிளைத் தடங்கள் மூன்று போதும். ஒன்றில் ஐந்து பெட்டி நிற்க இடம், மற்ற இரண்டில் மும்மூன்று. ஆனால் பெட்டிகள் மொத்தம் எட்டுதான். முன்னால் எஞ்சினும் மூன்று பெட்டியும் நிற்கும் அளவுக்கே இடம். பெட்டிக்கு ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். வந்த வரிசையிலேயே ரயிலைக் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம். முதல் தடவை நடுப்பெட்டி ஒன்று மாட்டிக்கொள்ளும், அவள் முழிப்பாள். வாயைத் திறக்காதீர்கள். கஷ்டமான பகுதி அதுதான், நமக்கு!

கேள்வி: எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் அழுக்கு. தண்டவாளம் வழியாகத்தானே மின்சாரம் போகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும், காய்ந்த பிறகே மின்சாரம். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சேரும். துணியில் விழும் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பிள்ளையிடம் காட்டுங்கள். அடுத்த முறை துணியை அவனே எடுத்து வருவான்.

கேள்வி: எனக்கு 14 வயது. ஆரம்பத்திலேயே டிசிசி (எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் கன்ட்ரோல்) வேண்டுமா?

பதில்: எஞ்சின் ஒன்றுதானே? வேண்டாம். சாதாரண டிசி-யில் தண்டவாளத்து வோல்ட்டேஜைக் கூட்டினால் அதில் நிற்கிற எல்லா எஞ்சினும் ஓடும். டிசிசி-யில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் கட்டளையைப் படிக்கும் டீகோடர், அதற்கென ஒரு முகவரி. கூப்பிட்டது மட்டும் நகரும். இரண்டாவது எஞ்சின் வரும்போது யோசிக்கலாம்.

கேள்வி: பல வருடச் சேகரிப்பு. பேரன் உடைத்துவிட்டால்?

பதில்: உடைப்பான், ஐயா. நானும் அக்கா மகளிடம் "தொடாதே, பாரு" என்றேன். அரை மணியில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள், திரும்பவே இல்லை. மனசு ஆறுகிற ஒரு எஞ்சினை எடுத்து அவன் பெயருக்கே எழுதிவிடுங்கள். மேசை விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் அடியுங்கள், தடம் புரண்டாலும் தரைக்குப் போகாது. மற்றவை அலமாரியில் இருக்கட்டும், சாவி உங்களிடம்.